நான்காம் ஆண்டு பணம் யார் தருவார்? சித்தூர், திருப்பதி கிராமங்களுக்கு நிதி தேடுவோருக்கு

1987இல் நபார்டு வங்கி, பெங்களூரைச் சேர்ந்த மைராடா என்ற தொண்டு நிறுவனத்துக்கு 10 லட்சம் ரூபாய் கொடுத்தது. கட்டடம் கட்டவோ ஜீப் வாங்கவோ கொடுத்த பணம் இல்லை அது. கர்நாடகக் கிராமங்களில் பெரிய கூட்டுறவுச் சங்கங்கள் சிதறிப்போன இடத்தில், பதினைந்து இருபது பேர் தாமாகச் சேர்ந்து, சிறுகச் சிறுகச் சேமித்து, தங்களுக்குள்ளேயே கடன் கொடுத்து வாங்கிக்கொண்டிருந்தார்கள். ஜாமீனும் இல்லாமல் பத்திரமும் இல்லாமல் இந்தக் குழுக்கள் எப்படிக் கடனை வசூலிக்கின்றன, என்ன பயிற்சி கொடுத்தால் இவை நிலைத்து நிற்கும் என்று பார்க்கத்தான் அந்த 10 லட்சம். ஐந்தாண்டு கழித்து, 1992இல், நாடு முழுவதும் 500 குழுக்களை வங்கிகளோடு இணைத்துப் பார்க்கும் சோதனையை நபார்டு தொடங்கியது. இன்று இந்தியாவில் சுய உதவிக் குழுக்கள் ஒரு கோடிக்கும் மேல். ஆந்திரத்தில், பழைய திட்டம் ஒன்றின் பெயரே ஒட்டிக்கொண்டு, அவற்றை இன்னமும் டுவாக்ரா சங்கம் என்கிறார்கள்.

அந்த 10 லட்சம் செலவாகி முடிந்து வெகுகாலம் ஆகிறது. இப்போது குழுக்களில் புழங்குவது பெண்களின் சேமிப்பும் வங்கிக் கடனும். மானியப் பணம் ஒரு கேள்விக்கு விடை கண்டுபிடித்துக் கொடுத்தது. அதற்குப் பிறகு வேறு பணம் வந்து வேலையைத் தொடர்ந்தது. சித்தூர், திருப்பதிப் பக்கத்தில் தங்கள் ஊருக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று நிதி தேடும் இளைஞர்களும் ஆசிரியர்களும் சங்கத் தலைவிகளும் முதலில் மனத்தில் வைக்க வேண்டியது இதைத்தான் என்று நினைக்கிறேன். மானியம் பெரும்பாலும் இரண்டு மூன்று ஆண்டுகளில் முடிந்துவிடும். நான்காம் ஆண்டு அந்த வேலைக்கு யார் பணம் தருவார் என்று விண்ணப்பம் எழுதுவதற்கு முன்பே யோசித்தவர்களுக்குத்தான் அது பயன்பட்டிருக்கிறது.

சித்தூர் மாவட்டத்திலேயே இரண்டு அனுபவங்கள் உண்டு. 2002இல் ஹெச்.பி. நிறுவனம் ஆந்திர அரசோடு சேர்ந்து குப்பத்தில் ‘ஐ-கம்யூனிட்டி’ என்ற பெயரில் ஒரு திட்டம் தொடங்கியது. குப்பத்திலும் சுற்று மண்டலங்களிலும் கணினி மையங்கள் திறந்தார்கள். சுய உதவிக் குழுப் பெண்களுக்கு டிஜிட்டல் கேமராவும் சூரிய ஒளியில் ஓடும் சிறு பிரிண்டரும் கொடுத்து, ஊர் ஊராகப் போய்ப் படம் எடுத்துச் சம்பாதிக்கப் பழக்கினார்கள். நல்ல யோசனைதான். ஆனால் மூன்றாண்டுத் திட்டம் என்று சொல்லியே தொடங்கினார்கள். அப்படி ஒரு திட்டம் வரும்போது ஊரார் முதல் மாதத்திலேயே கேட்க வேண்டியவை சில: மையத்தின் வாடகையும் மின்கட்டணமும் பிறகு யார் பொறுப்பு? பிரிண்டர் பழுதானால் யார் சரிசெய்வார்?

இன்னொன்று ‘வெலுகு’. 2000ஆம் ஆண்டு உலக வங்கியின் கடனுதவியோடு ஆந்திர அரசு அதைத் தொடங்கியபோது, முதலில் எடுத்துக்கொண்ட ஆறு மாவட்டங்களில் சித்தூரும் ஒன்று. திட்டம் எப்போதோ முடிந்துவிட்டது. ஆனால் அது டுவாக்ரா சங்கங்களை ஊர் அளவில் ஒன்றாகவும், அவற்றை மண்டல அளவில் சமாக்கியா என்ற கூட்டமைப்பாகவும் சேர்த்து, பதிவு செய்து, கணக்கு எழுதப் பழக்கியிருந்தது. பணம் நின்ற பிறகும் அந்த அமைப்பு நின்றுவிடவில்லை. ஊரில் மகளிர் வழியாக எதையாவது செய்ய நினைக்கும் எந்தத் திட்டமும் இன்றும் அந்தச் சமாக்கியாக்களைத் தேடித்தான் வருகிறது. அவற்றின் அலுவலகத்தை வெலுகு ஆபீஸ் என்றே சொல்லும் பழக்கமும் போகவில்லை.

இனி பணம் இருக்கும் இடங்களைப் பார்க்கலாம். அதற்கு முன் ஒரு வேலை: உங்களுக்கு வேண்டியது உண்மையிலேயே மானியம்தானா என்று பாருங்கள். ஏரிக்கரையைப் பலப்படுத்த வேண்டும், ஓடையில் தடுப்பணை கட்ட வேண்டும் என்றால் அதற்கென்று அரசிடமே பணம் இருக்கிறது. பிரதம மந்திரி கிருஷி சிஞ்சாயி திட்டத்தின் நீர்ப்பிடிப்புப் பிரிவில், 2021இல் வந்த புதிய விதிகளின்படி சமவெளியில் ஹெக்டேருக்கு 22,000 ரூபாய் வரை செலவிட இடம் உண்டு. உங்கள் ஊர் அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று கிராம சச்சிவாலயத்திலும் மண்டல அலுவலகத்திலும் விசாரித்தாலே போதும். அரசு ஏற்கெனவே செய்ய வேண்டிய வேலைக்கு ஒரு அறக்கட்டளையிடம் போய் நின்றால், அவர்கள் முதலில் கேட்பதே “இதை ஏன் அரசு செய்யவில்லை?” என்றுதான்.

விசாரிக்கப் போகும்போது எல்லையையும் கவனியுங்கள். பழைய சித்தூர் மாவட்டம் 2022 ஏப்ரல் 4 அன்று பிரிக்கப்பட்டது. நகரி சித்தூரில் இருக்கிறது, பக்கத்திலேயே உள்ள புத்தூர் திருப்பதி மாவட்டத்துக்குப் போய்விட்டது. சத்தியவேடும் திருப்பதியில். மதனப்பள்ளிப் பக்கமும் சித்தூரிலிருந்து பிரிந்து போனது. மாவட்டம் மாறிப் போன மனு மேசை மேசையாக நகர்ந்து மாதக்கணக்கில் தூங்கும்.

கிராம அமைப்புகளுக்கு நான் முதலில் சொல்லும் முகவரி நபார்டுதான். மாவட்டத்துக்கென்று அதற்கு ஒரு வளர்ச்சி மேலாளர் இருப்பார், டி.டி.எம். என்று கேட்டால் எந்த வங்கியிலும் வழிகாட்டுவார்கள். நபார்டு விவசாயிக்கு நேரடியாகக் கடன் கொடுப்பதில்லை. ஆனால் நீர்ப்பிடிப்புக்கும், பழங்குடிக் குடும்பங்களுக்கும், வேளாண்மையில் புதிய முயற்சிகளுக்கும் தனித்தனி நிதிகள் வைத்திருக்கிறது. பழங்குடி வளர்ச்சி நிதி 2003-04இல் வந்தது. அதில் ‘வாடி’ என்ற முறையில், குடும்பத்துக்கு ஏறக்குறைய ஒரு ஏக்கரில் பழத்தோட்டமும், மண்ணையும் நீரையும் காக்கும் வேலைகளும் செய்து தருகிறார்கள். ஏனாதி, எருகுலா குடும்பங்கள் உள்ள ஊர்களில் நிலம் யார் பெயரில் இருக்கிறது என்பதை முதலில் தெளிவாக்கிக்கொண்டு போனால் பேச்சு நகரும். நீர்ப்பிடிப்புத் திட்டங்களிலோ முதலில் சிறு பரப்பில் வேலை செய்து காட்டச் சொல்வார்கள், ஊராரின் உழைப்பிலும் ஒரு பங்கு கேட்பார்கள். இது நியாயமான நிபந்தனை என்பேன். கூலி வாங்காமல் சில நாள் மண்வெட்டி பிடித்த ஊர்தான், பணம் நின்ற பிறகும் தன் தடுப்பணையில் தூர் எடுக்கிறது.

விவசாயிகள் உற்பத்தியாளர் நிறுவனம் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். 10,000 நிறுவனங்கள் அமைக்கும் மத்தியத் திட்டம் 2020 பிப்ரவரியில் தொடங்கியது. 2025 பிப்ரவரியில் அந்த எண்ணிக்கையை எட்டிவிட்டது. சமவெளியில் குறைந்தது 300 உறுப்பினர்கள் வேண்டும். நிர்வாகச் செலவுக்கு மூன்றாண்டில் 18 லட்சம் ரூபாய் வரை, உறுப்பினர் போடும் பங்குத் தொகைக்கு இணையாகத் தலைக்கு 2,000 ரூபாய் வீதம் அதிகபட்சம் 15 லட்சம் வரை என்பது அதன் கணக்கு. எண்ணிக்கை நிரம்பிவிட்டதால், இப்போது புதிதாக ஒன்றைத் தொடங்குவதைவிட, பக்கத்தில் ஏற்கெனவே இருப்பதில் சேர்ந்து அதை ஓட வைப்பது பல ஊர்களுக்கு உகந்தது.

அந்த மூன்றாண்டு என்பதைக் கவனித்தீர்களா? நான்காம் ஆண்டு மேலாளரின் சம்பளம் நிறுவனத்தின் வியாபாரத்திலிருந்துதான் வர வேண்டும். சித்தூரில் வியாபாரம் என்றால் மா. அதிலும் தோத்தாபுரி, நம் பக்கத்தில் கிளிமூக்கு என்போமே, அது. வாங்குபவை கூழ் ஆலைகள். விலையைச் சொல்பவையும் அவையே. 2025 பருவத்தில் விலை சரிந்து, மாநில அரசே கிலோவுக்கு 4 ரூபாய் கூட்டிக் கொடுக்க வேண்டி வந்தது. இந்த நிலையில் உற்பத்தியாளர் நிறுவனம் காயை மொத்தமாகச் சேர்த்து ஆலைக்கு அனுப்புவதோடு நின்றுவிட்டால், கையில் நிற்கும் சில காசில் ஒரு மேலாளரை வைத்துக்கொள்ள முடியாது. உரம், விதை விற்பனை, வேலூர், சென்னைச் சந்தைகளுக்கு வேறு ரகங்கள், வற்றல், ஊறுகாய் என்று ஆண்டு முழுவதும் ஓடும் ஏதோ ஒன்று வேண்டும். விண்ணப்பத்தில் எழுத வேண்டியது அந்த ஏதோ ஒன்றைத்தான்.

அடுத்தது கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு நிதி. 2013ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டம் 135ஆவது பிரிவின்படி, 500 கோடி ரூபாய் நிகர மதிப்போ, 1,000 கோடி விற்றுமுதலோ, 5 கோடி நிகர லாபமோ உள்ள கம்பெனி, முந்தைய மூன்றாண்டுச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். தொழிற்சாலை இருக்கும் சுற்றுவட்டாரத்துக்கு முன்னுரிமை தர வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. திருப்பதி அருகே கரகம்பாடியில் அமரராஜா, சத்தியவேடு பக்கம் ஸ்ரீ சிட்டி வளாகத்துக் கம்பெனிகள் என்று இந்தப் பகுதியில் கதவுகள் உண்டு. சொந்த ஊர்ப் பாசமும் சில நேரம் வேலை செய்யும்: அப்பல்லோ மருத்துவமனையைத் தொடங்கிய டாக்டர் பிரதாப் சி. ரெட்டி, சித்தூர் மாவட்டத்து அரகொண்டாக்காரர்; அந்த நிறுவனத்தின் கிராம நலப் பணி அங்கேதான் வேர்விட்டது.

ஆனால் கம்பெனி எந்தக் குழுவுக்கும் பணத்தை எடுத்துக் கொடுத்துவிட முடியாது. பெறும் அமைப்பு பதிவு பெற்ற சங்கமாகவோ அறக்கட்டளையாகவோ லாப நோக்கமற்ற கம்பெனியாகவோ இருக்க வேண்டும். வருமான வரித் துறையின் 12ஏ, 80ஜி பதிவுகள் வேண்டும். அதே வகைப் பணியில் மூன்றாண்டு அனுபவம் வேண்டும். 2021 ஏப்ரல் முதல் கம்பெனி விவகார அமைச்சகத்திடம் சி.எஸ்.ஆர்.-1 படிவம் தாக்கல் செய்து எண் வாங்கியிருக்க வேண்டும். அரசு நிதிக்கு நிதி ஆயோக்கின் தர்ப்பண் தளத்தில் பதிவும் கேட்பார்கள். நேற்றுத் தொடங்கிய இளைஞர் மன்றத்துக்கு இதெல்லாம் இராது. அதற்காக மனம் தளர வேண்டாம். இந்தத் தகுதிகளை ஏற்கெனவே சம்பாதித்து வைத்திருக்கும் அமைப்போடு சேர்ந்து வேலை செய்யலாம். திருப்பதியில் 1981 முதல் இயங்கும் ராஷ்ட்ரிய சேவா சமிதி, ராஸ் என்று எல்லோரும் சொல்வது, அப்படிப்பட்ட பெரிய அமைப்பு. ஒரு வேளாண் அறிவியல் நிலையத்தையே அது நடத்துகிறது. இரண்டு மூன்று ஆண்டு இப்படி ஒரு அமைப்பின் கீழ் வேலை செய்து, கணக்கைச் சுத்தமாக வைத்து, பிறகு தனியே பதிவு செய்வதுதான் நான் சொல்லும் வழி. பதிவுச் சான்றிதழை முதலில் வாங்கிச் சட்டம் போட்டு மாட்டிவிட்டு, வேலையைப் பிறகு தேடியவர்கள் நிறையப் பேர்.

வெளிநாட்டுப் பணம் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் கிராமங்களில் அதைப் பற்றித்தான் அதிகக் கனவு. வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி உள்துறை அமைச்சகத்தின் பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் ஒரு ரூபாய்கூட வாங்கக் கூடாது. பதிவு கேட்க அமைப்புக்கு மூன்று வயதாகியிருக்க வேண்டும், அந்த மூன்றாண்டில் 15 லட்சம் ரூபாயாவது தன் முக்கியப் பணிக்குச் செலவிட்டிருக்க வேண்டும். 2020இல் சட்டம் இன்னும் இறுகியது. பணம் டில்லியில் ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளைக் கணக்கில்தான் வந்து இறங்க வேண்டும். நிர்வாகச் செலவு 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. எல்லாவற்றையும்விட முக்கியமாக, ஒரு அமைப்பு தான் பெற்ற வெளிநாட்டுப் பணத்தை இன்னொரு அமைப்புக்குப் பிரித்துக் கொடுக்கக் கூடாது. முன்பு பெரிய நிறுவனங்கள் வழியாகச் சிறு அமைப்புகளுக்கு வந்துகொண்டிருந்த வாய்க்கால் அத்தோடு அடைபட்டது. சிறு அமைப்புகளை இது கடுமையாகப் பாதித்திருக்கிறது. இருந்தாலும் சட்டம் சட்டம்தான். ‘அமெரிக்காவிலிருந்து உங்கள் ஊருக்கு இரண்டு கோடி வாங்கித் தருகிறேன், முன்பணமாக ஐம்பதாயிரம் கட்டுங்கள்’ என்று ஒருவர் வந்தால், அவருக்குத் தண்ணீர் கொடுத்து அனுப்பிவிடுங்கள். நிதி தருகிற எந்த நேர்மையான அமைப்பும் முன்பணம் கேட்பதில்லை.

இப்போது ஆராய்ச்சி. அது வெள்ளை அங்கி போட்டவர்களின் வேலை, கிராமத்துக்கு அதில் இடமில்லை என்று நினைப்பவர்கள் ரிஷிவேலியைப் பார்க்க வேண்டும். மதனப்பள்ளி அருகே, ஜே. கிருஷ்ணமூர்த்தி உருவாக்கிய அந்தப் பள்ளி, சுற்றுக் கிராமங்களில் சிறு பள்ளிகளை நடத்தியது. ஒரே ஆசிரியர், பல வகுப்புக் குழந்தைகள், ஒரே அறை. இதில் எப்படிப் பாடம் நடத்துவது? பாடத்தைச் சிறு படிகளாக உடைத்து, அட்டைகளாக்கி, ஒவ்வொரு குழந்தையும் தன் வேகத்தில் ஏணியில் ஏறட்டும் என்று விட்டார்கள். அந்த அட்டைகளைக் கிராமத்து ஆசிரியர்களோடு உட்கார்ந்து எழுதி, வகுப்பில் வைத்துப் பார்த்து, திருத்தினார்கள். கர்நாடகத்தின் ‘நலி-கலி’ அங்கிருந்து பிறந்தது. 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, பிறகு தமிழ்நாடு முழுக்கப் பரவிய செயல்வழிக் கற்றலுக்கும் அதுவே ஊற்று. இன்று முப்பது வயதை நெருங்கும் தமிழ்நாட்டுப் பிள்ளைகள் பலர் பாயில் உட்கார்ந்து புரட்டிய அந்த அட்டைகளின் மூலம், சித்தூர் மலையடிவாரத்து ஓராசிரியர் பள்ளிகள். இது ஆராய்ச்சி இல்லையென்றால் வேறு எது ஆராய்ச்சி?

ஆராய்ச்சி நிதியைப் பொறுத்தவரை, பெரும்பாலான கதவுகள் பல்கலைக்கழகங்களுக்கும் ஆய்வு நிறுவனங்களுக்கும்தான் திறக்கும். 2023ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளை அறிவியல் ஆய்வுகளுக்கு. 1969இல் தொடங்கிய இந்தியச் சமூக அறிவியல் ஆராய்ச்சி மன்றம் சமூக ஆய்வுகளுக்கு. மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையின் ‘சீட்’ பிரிவு மட்டும் அறிவியல் சார்ந்த தொண்டு நிறுவனங்களுக்கும் நேரடியாக உதவுகிறது. ஆகவே ஊர் அமைப்பு தனியே விண்ணப்பிப்பதைவிட ஒரு பேராசிரியரைத் தேடிப் போவது நல்லது. இந்த வகையில் இந்தப் பகுதி கொடுத்துவைத்தது. 1954இல் தொடங்கிய ஸ்ரீ வெங்கடேஸ்வரா பல்கலைக்கழகம், பத்மாவதி மகளிர் பல்கலைக்கழகம், கால்நடைப் பல்கலைக்கழகம், நிலக்கடலை ஆய்வுக்குப் பெயர்பெற்ற வேளாண் ஆராய்ச்சி நிலையம், 2015இல் வந்த ஐ.ஐ.டி.யும் ஐசர் என்ற அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிறுவனமும், எல்லாம் திருப்பதியிலும் அதைச் சுற்றியும். குப்பத்தில் திராவிடப் பல்கலைக்கழகம். உன்னத் பாரத் அபியான் என்ற மத்திய அரசுத் திட்டத்தில் சேர்ந்த கல்லூரிகள் ஐந்து கிராமங்களையாவது தத்தெடுக்க வேண்டும். உங்கள் ஊர் எந்தக் கல்லூரியின் பட்டியலிலாவது இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள்.

பேராசிரியரிடம் வெறும் கையோடு போகாதீர்கள். ‘எங்கள் ஊரில் தண்ணீர் இல்லை’ என்பது குறை. ‘எங்கள் ஊரில் இத்தனை போர்வெல், இந்த ஆண்டில் இத்தனை அடியில் தண்ணீர் வந்தது, இப்போது இத்தனை அடி, ஏரி நிரம்பிய ஆண்டுகளில் மட்டும் இந்தப் பக்கத்து போர்வெல்கள் வற்றவில்லை, ஏன்?’ என்பது ஆய்வுக் கேள்வி. ஒரு நோட்டில் இதை எழுதிவைக்கப் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் போதும். வீடு வீடாகப் போய் உடல்நலம், சாதி, கடன் பற்றியெல்லாம் கேட்கும் ஆய்வாக இருந்தால் நிறுவனத்தின் நெறிமுறைக் குழுவின் ஒப்புதலும், பதில் சொல்பவரின் சம்மதமும் கட்டாயம். ஊர் ஒரு நிபந்தனை வைக்கலாம், வைக்கவும் வேண்டும்: முடிவுகளைத் தெலுங்கிலும், தமிழ் பேசும் ஊரென்றால் தமிழிலும், கிராம சபையில் வந்து சொல்ல வேண்டும். எத்தனையோ ஆய்வாளர்கள் படிவத்தை நிரப்பிக்கொண்டு போய்த் திரும்பி வராத ஊர்கள் இவை.

பயிர் சம்பந்தமான கேள்வி என்றால் பல்கலைக்கழகம் வரைகூடப் போக வேண்டாம். நாட்டின் முதல் வேளாண் அறிவியல் நிலையம் 1974இல் புதுச்சேரியில் தொடங்கியது. இன்று ஏறக்குறைய மாவட்டத்துக்கு ஒன்று உண்டு. புதிய ரகத்தையோ முறையையோ விவசாயியின் வயலிலேயே வைத்துச் சோதிப்பது அவர்களின் அன்றாட வேலை. அந்தச் சோதனைக்கு உங்கள் வயலைக் கொடுக்க முன்வந்தால், விதையும் ஆலோசனையும் அவர்கள் பொறுப்பு. இதற்கு நீங்கள் எந்த விண்ணப்பத்தையும் ஆங்கிலத்தில் எழுத வேண்டியதில்லை.

விண்ணப்பம் எழுத வேண்டிய இடத்தில், முதலில் உங்கள் பேச்சுமொழியில் எழுதுங்கள். தமிழோ தெலுங்கோ, சங்கக் கூட்டத்தில் உரக்கப் படியுங்கள். ‘வாழ்வாதாரத்தை மேம்படுத்துதல்’ என்று எழுதியிருந்தால் கூட்டத்தில் யாருக்கும் ஒன்றும் புரியாது. ‘சொசைட்டிக்குப் பால் ஊற்றும் 40 குடும்பங்களுக்குக் கோடையில் பசுந்தீவனம் கிடைக்கச் செய்வது’ என்றால் உடனே நாலு பேர் எழுந்து நின்று, அது ஏன் நடக்காது, எப்படிச் செய்தால் நடக்கும் என்று சொல்வார்கள். அந்தத் திருத்தங்களோடு ஆங்கிலத்துக்குக் கொண்டுபோனால், படிக்கும் அதிகாரிக்கும் விஷயம் கையில் பிடிபடும். பட்ஜெட்டில் கணக்கு எழுதுபவரின் சம்பளத்தையும் தணிக்கைக் கட்டணத்தையும் வெட்கப்படாமல் போடுங்கள். அதைப் போடாத திட்டங்களில்தான் இரண்டாம் ஆண்டு ரசீதுகள் காணாமல் போகின்றன.

ரசீது காணாமல் போனால் என்ன ஆகும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். அரசுப் பணம் தவணை தவணையாக வரும். முதல் தவணை எப்படிச் செலவானது என்று 12-ஏ படிவத்தில் பயன்பாட்டுச் சான்று கொடுத்த பிறகுதான் அடுத்தது நகரும். சான்று சரியாக இருந்தாலும் பணம் பல நேரம் தாமதமாகவே வந்து சேரும். அந்த இடைவெளியில் களப்பணியாளருக்குச் சம்பளம் கொடுக்கக் கையில் சில மாதப் பணம் இல்லாத அமைப்பு, ஒன்று கடனில் விழும், இல்லையென்றால் நல்ல ஆளை இழக்கும். எனவே கேட்கும் தொகையை உங்கள் அமைப்பு தாங்கும் அளவுக்கு வைத்துக்கொள்ளுங்கள். முதல் முறை 3 லட்சத்துக்கு ஒரு வேலை கேட்டு, முடித்து, கணக்குக் காட்டிவிட்டு, அடுத்த முறை அதே மேசையில் 10 லட்சம் கேட்கலாம். அப்போது முந்தைய பயன்பாட்டுச் சான்றின் நகலை விண்ணப்பத்தோடு இணைத்துக் கொடுங்கள்.